பன்னிரண்டு பாடங்களும் ஓர் அம்மியும்

மூச்சை இழுத்தால் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிய வேண்டும் என்றார்கள். எனக்கு ஒன்றுதான் விரிந்தது. பாலக்காட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் தேறி, உயரத்தில் தேறி, கடைசியில் டேப் பிடித்த மனுஷனிடம் தோற்றேன். "நாலு மாசம் கழிஞ்ஞிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளின் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு வயது இருபது. மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பேக்டரியில் ராத்திரி வேலை. அம்மா, அக்காவின் பிரசவத்துக்காகச் சங்கரன்கோவில் பக்கம் ஊருக்குப் போயிருந்தாள். நான் பேக்டரியின் மேல்மாடியில் தற்காலிக ஆள். பச்சைக் கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம் அது. கீழேயிருந்து இளஞ்சூடாகக் காற்று வரும், ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூட்டம் ஏறி இறங்கும், கொழுந்து வாடும் மணம் தலைக்குள் போய் உட்காரும். நின்றபடியே கனவு காண அதைவிட நல்ல வேலை கிடையாது. நான் தினமும் ஒரு ரயிலிலிருந்து இறங்குவேன். பனி பெய்யும் ஊர். தோளில் துப்பாக்கி. பொத்தான்கள் தெறிக்கிற மாதிரி நெஞ்சு. யாரோ கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்த்தால் கொழுந்துக் கூடையோடு ஆள் நிற்பார்.

அந்த நேரத்தில்தான் தபால் வழி உடற்பயிற்சி வந்தது. கடையில் வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் விளம்பரம் இருந்தது. வீட்டிலிருந்தபடியே பன்னிரண்டு பாடங்கள், நான்கே மாதத்தில் வேறு மனிதர். நான்கு மாதம் என்பதைப் பார்த்ததும் எனக்காகவே அச்சடித்தது போலிருந்தது. மணியார்டர் அனுப்பினேன். முதல் பாடத்தின் அட்டையில் ஒருவர் சின்னக் கால்சட்டையோடு கைகளை மடக்கி நின்றார். அப்பா கண்ணில் படாமல் பாய்க்கு அடியில் வைத்தேன்.

பாடங்களை எழுதியவர் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வழியில்லை. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உடம்பை இறக்கி ஏற்ற வேண்டும் என்றார். எங்களிடம் நாற்காலி இல்லை, இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் கவிழ்த்துக்கொண்டேன். தினம் அரை டஜன் முட்டை, ஒரு படி பால் என்றார். மாட்டுப்பட்டிப் பண்ணையில் சீமைப் பசுக்கள் மேய்வதை வழியில் பார்ப்பேன். அவற்றுக்கு நெஞ்சு நன்றாக விரிந்திருந்தது. பால் லாரியில் ஏறி எங்கேயோ போனது. எனக்குப் பால் இல்லாத கட்டன் சாயாதான்.

விடியற்காலை பேக்டரிச் சங்கு ஊதுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுவேன். குளிரில் பல் கிட்டும். மூச்சை இழுத்து, அடக்கி, 'ஹக்' என்று விட வேண்டும், நூறு தடவை. பிறகு டின்களுக்கு நடுவே இறங்கி ஏற வேண்டும். பாதித் தூக்கத்தில் செய்வதால் கை வலி வேறு யாருக்கோ வலிப்பது போலிருக்கும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுத்தது அடுத்த வீட்டு அம்மி.

லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து வீடுகள். நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். அந்த வழியாகப் புகையும் தாளிப்பு வாசனையும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையும் தாராளமாகப் போய்வரும். எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை.

அடுத்த வீட்டில் ஓர் அக்கா. கொழுந்து எடுப்பவள், முப்பது வயது இருக்கலாம், ஒரு பெண் குழந்தை. புருஷன் இறந்து இரண்டு வருஷம். நாங்கள் அதற்குப் பிறகு மேல் டிவிஷனிலிருந்து இந்த லயத்துக்கு மாறி வந்தவர்கள், அதனால் அவரை எனக்குத் தெரியாது. நான் முதல் மூச்சை இழுத்ததும் அந்தப் பக்கம் அம்மி தொடங்கும். கரகரவென்று. நான் முப்பது எண்ணும்போது அது வேகம் பிடிக்கும். எண்ணிக்கை தவறும், மறுபடி ஒன்றிலிருந்து. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஒரு தாயும் சின்னப் பெண்ணும் உள்ள வீட்டில் தினமும் இத்தனை நேரம் அரைக்க என்ன இருக்கிறது? கல்யாணச் சமையலா? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஆனால் அவளே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு தம்ளர் ரசத்தை எங்கள் வாசலில் மூடி வைத்துவிட்டுப் போவாள். ஊரிலிருந்து காயவைத்துக் கொண்டுவந்த தூதுவளை போட்டு, மிளகு தூக்கலாக. அம்மா இல்லாத வீடு என்று இரக்கப்படுகிறாள் என்று முதலில் நினைத்தேன். போகப் போக, என் தோள் அகலமாகி வருவதைக் கவனித்திருப்பாளோ என்றுகூட நினைத்தேன். இருபது வயதில் புத்தி அப்படித்தான் ஓடும்.

இரண்டு மாதம் முடிந்ததும் லயத்துத் தையல்காரரிடம் டேப் வாங்கி அளந்தேன். அதே ஒரு அங்குலம். திருப்பித் திருப்பி அளந்தேன். ஆறு பாடங்கள், இத்தனை விடியற்காலைகள், ஒரு நூல்கூட அசையவில்லை. இனி இது வேண்டுமா என்று அன்று முழுக்க வாட்டும் மாடியில் நின்று யோசித்தேன். ரயில் வரவில்லை. மஞ்சுதான் வந்தது. விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை என்று மூச்சை இழுத்தேன். அம்மி தொடங்கியது. என் தோல்விக்கே அந்த அம்மிதான் காரணம் என்று ஒரே கணத்தில் எனக்குத் தோன்றிவிட்டது. துண்டைப் போர்த்திக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. சிம்னி வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது அம்மிதான். காய்ந்து வெளேரென்று இருந்தது. மிளகாய் இல்லை, தேங்காய் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லோடு கல்லை அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மெல்லப் பேசு தம்பி, கங்காணி வீடு ரெண்டு வீடு தள்ளித்தான்" என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "நீ பயப்படாத. வெளிய ஒண்ணும் கேக்காது. உனக்கு மூச்சு இளைக்க ஆரம்பிச்ச ஒடனே நான் ஒக்காந்துருதேன்."

"யாருக்கு இளைக்குது?"

"அவருக்கும் இப்பிடித்தான், சங்குக்கு முன்னாடிதான் வரும். எட்டு மாசம் அரைச்சேன். ஒருத்தருக்கும் தெரியல." குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "தெரிஞ்சிருக்கணும். அரைக்காம இருந்திருக்கலாம்னு இப்ப நெனைக்கேன். ஆனா உன் சத்தம் கேட்டதும் கை தானா போயிருச்சு."

எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. நெஞ்சு நோவு என்று டிஸ்பென்சரிக்குத் தெரிந்தால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் பேர் இருக்காது என்று ஒரு பயம் லயத்தில் எப்போதும் உண்டு. பேர் போனால் வீடும் போகும். அதனால் இருமலையும் இளைப்பையும் மறைப்பார்கள். எனக்காகவும் மறைத்திருக்கிறாள், நான் கேட்காமலே. செத்துப்போன புருஷனின் மூச்சை இரண்டு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டிருக்கிறாள். நான் தோள் அகலத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழி தெரியாமல் வீட்டுக்கு ஓடிப்போய் ஆறாம் பாடத்தைக் கொண்டுவந்து காட்டினேன். சின்னக் கால்சட்டைக்காரரை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். பிறகு அவரைக் குப்புறப் போட்டாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா நான் ரெண்டு மாசம் வெறுங்கல்ல அரைச்சேன்? கொழவியாலயே போட்டிருக்கணும் உன்ன."

சிரித்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவள் அப்படியே அழவும் அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்ததும், "எங்க, ஒரு தடவ நல்லா இழு" என்றாள். இழுத்தேன். இரண்டடி தள்ளி நின்று கண்ணை மூடிக் கேட்டாள். "விடு." விட்டேன். இன்னொரு தடவை. "விசில் இல்ல" என்றாள். "சுத்தமாத்தான் இருக்கு. இனிமே சத்தமா எண்ணிச் செய். எனக்குக் கேக்கணும்."

விட்டுவிட வேண்டும் என்றிருந்தவன் அதற்குப் பிறகு எப்படி விடுவது? நடுவில் ஒரு நாள் அசதியில் தூங்கிப்போனேன். கதவு இடிபடுகிற இடியில் கூரைத் தகரமே அதிர்ந்தது. முகம் வெளுத்து நின்றவள், நான் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை. கங்காணி காது குளிர எண்ணினேன். ஒரு விடியலில் பதினேழோடு மூச்சு வாங்கி நின்றபோது, சுவருக்கு மேலிருந்து, "பதினெட்டு" என்று குரல் வந்தது. பதினெட்டைச் செய்தேன். அன்றிலிருந்து அவள்தான் எண்ணினாள், அடுப்பு மூட்டிக்கொண்டே, குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே. கண்ணை மூடினால் எண்கள் புகையோடு சேர்ந்து கூரையில் மிதப்பது போலிருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான விடியற்காலைகள் வேறு இல்லை.

பன்னிரண்டாம் பாடம் முடிந்து, உடுமலை, பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை வழியாக மறுபடி பாலக்காடு போனேன். டேப்பைப் பிடித்தவர் வேறு ஆள். "இழு" என்றார். அத்தனை விடியற்காலைகளையும் சேர்த்து இழுத்தேன். "ஒந்நர" என்றார். ஒன்றரை. அரை அங்குலம் குறைவு. இன்னும் நாலு மாசம் கழித்து வா என்று யாரும் சொல்லவில்லை, அத்துடன் ஆள் எடுக்கும் வயதும் தாண்டுகிறது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டேன். கண்ணை மூடியும் எந்த ரயிலும் வரவில்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். "எவ்வளவு?" என்றாள்.

"ஒண்ணரை."

"மொதல்ல?"

"ஒண்ணு."

"அப்ப அரை அங்குலம் கூடிருக்குல்ல."

நான் உள்ளே போய்ப் பாடப் புத்தகங்களை அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு போட்டேன். எரிக்கத்தான். நாளைக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று படுத்தேன்.

விழிப்பு வந்தது. சங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் தீக்குச்சி கிழிக்கும் சத்தம். பிறகு சுவருக்கு மேலிருந்து, "ஒண்ணு."

அசையாமல் கிடந்தேன்.

"ஒண்ணு" என்றாள் மறுபடி. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது தடவை சொன்னபோது அந்தக் குரலில் பயம் தட்டியது. எழுந்து உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கிற மாதிரி மூச்சை இழுத்தேன்.