வீரணன் ரெண்டாந்தரம் கதவைத் தட்டினபோது

டூரிங் கொட்டகையில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறவளுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்காது. படம் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கும். ஜெர்மன் சண்டைக் காலத்தில் ராஜபாளையத்தில் நான் அந்த வேலையைப் பார்த்தேன். ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், நான் சொல்லாமல் விட்டதும் அவர்களுக்குப் புரியும்.

ஒரே மெஷின்

எங்கள் கொட்டகையில் படம் காட்டுகிற மெஷின் ஒன்றுதான். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். ஒரு ரீல் முடிந்தால் அடுத்த ரீலை மாட்டுகிறவரைக்கும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். பட்டணத்துக்காரர்கள் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தவர்களுக்கோ அதுதான் பாதிப் படம். விளக்கு எரிந்ததும் பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், முறுக்கு வாங்குவார்கள், கதாநாயகனின் மானத்தையும் சேர்த்து வாங்குவார்கள். டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் தூளியில் கிடந்த என் மகன் வெளிச்சம் வந்தால் விழிப்பான், இருட்டினால் தூங்குவான். பகலில் அவனைத் தூங்கவைக்க நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள்.

அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது வீரணன் என்கிற கொள்ளைக்காரன் படம். ஊரையெல்லாம் அடித்துப் பிடுங்கிவிட்டு, கடைசி ரீலில், பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று வீட்டுக்கு வருவான். கதவைத் தட்டுவான். உள்ளே அவள் ஒரு கையில் விளக்கும், மறு கை தாழ்ப்பாளிலுமாக நிற்பாள். திறப்பாளா மாட்டாளா என்று தெரிவதற்குள் போலீஸ் ஊதல் கேட்கும். அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வணக்கம் போட்டுவிடுவார்கள். திறந்திருப்பாள் என்று பாதிப்பேர், மாட்டாள் என்று பாதிப்பேர். கிணற்றடியிலும் இதே வழக்கு, ஆலை வாசலிலும் இதே வழக்கு. கொட்டகையில் முறுக்கு விற்கிற பேச்சியம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "அவ ஒண்ணும் ரோசனை பண்ணல. இருக்கிற கஞ்சிய ரெண்டு பங்கு வைக்கணுமேன்னு நின்னுருக்கா. வாங்குனா வாங்குங்கட்டி, முறுக்கு நமத்துப் போவுது."

செல்லத்தாய்

வத்திராயிருப்பிலிருந்து எங்கள் ஊருக்கு வாழவந்தவள் செல்லத்தாய். பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் தூசி பொறுக்குகிற வேலை. தலைமயிரில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவள் புருஷன் கருப்பையா, நூல் ஏற்றிப்போன மாட்டுவண்டிகளை மலையடிவாரத்தில் மறித்த கூட்டத்தில் ஒருத்தன். அந்த அடிதடியில் ஒரு வண்டிக்காரருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. கருப்பையா ஜெயிலுக்குப் போனான். மாசியில் வெளியே வருவான் என்று பேச்சு. செல்லத்தாயின் அண்ணன் வந்து, "அவன் உறவத் தீத்துவிட்டுட்டு எங்கூட வந்துரு. அவனுக்குக் கதவத் தெறந்தேன்னா எனக்கு அடைச்சிரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புருஷனா, அண்ணனா என்று அவள் மாசிக்குள் சொல்லியாக வேண்டும்.

வீரணன் ஓடின நாளெல்லாம் அவள் வந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் விளக்கு எரிகிற நேரத்தில் பக்கத்தில் போய், "ஏட்டி, இதையே எம்புட்டுத் தடவதான் பாப்ப? உனக்குச் சலிக்கலையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன். அவளும் சிரித்தாள். "கடைசியில அந்தப் பொம்பள கை தாப்பாள்ல இருக்குல்லக்கா, அது எந்தப் பக்கம் அசையுதுன்னு பாக்கேன். ஒரு நா பாத்தா தெறக்கிற மாரி இருக்கு. மறுநா பாத்தா இறுக்குற மாரி இருக்கு."

மறுபடியும் வந்தான்

மார்கழியில் தமுக்கு அடித்து நோட்டீஸ் போட்டார்கள், வீரணன் மறுபடியும் வருகிறான் என்று. முதல் நாள் சாயங்காலமே பெண்கள் பக்கத்தில் மணல் தெரியவில்லை. கதவுக்கு என்ன பதில் என்று தெரிந்துகொள்ளத்தான் அம்புட்டுக் கூட்டமும்.

படக்காரர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. முதல் படத்தில் ஒரு குதிரை என்றால் இதில் ஒரு மந்தை. வீரணன் ஜெயிலை உடைத்து ஓடுகிறான், மலையிலிருந்து குதிக்கிறான், மறுபடியும் பிடிபடுகிறான். இரண்டு ரீல் இப்படியே போயிற்று. விளக்கு எரிந்தபோது பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜாக்கள் வீட்டு அம்மாள், அவர்கள் வீட்டுத் தெலுங்கிலேயே "சாலு, சாலு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். போதுமடா சாமி என்று அர்த்தம்.

அப்புறம்தான் படம் திரும்பிற்று. முதல் படத்தில் ஒரு கல்யாண வீட்டில் புகுந்து, மணப்பெண் கழுத்திலிருந்த நகையைப் பிடுங்குவான் வீரணன். அந்த இடத்தில் கொட்டகையே விசிலடிக்கும். இந்தப் படத்தில், தண்டனை முடிந்து வெளியே வந்தவன் தாகத்துக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறான். நெல் குத்திக்கொண்டிருந்த ஒரு பொம்பளை எழுந்துவந்து செம்பை நீட்டுகிறாள். அவள்தான் அந்த மணப்பெண். கல்யாணம் அன்றைக்கே நின்றுபோய், தலை நரைத்து, அடுத்த வீட்டு உரலில் குத்திப் பிழைக்கிறாள். அவளுக்கு இவனைத் தெரியவில்லை. இவனுக்குத் தெரிகிறது. தண்ணீரைக் குடிக்கிறான். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை, அம்புட்டுதான்.

எனக்குக் கதை எழுதத் தெரியாது. குழம்பு வைக்கத் தெரியும். முதல் நாள் குழம்பு அடிபிடித்திருந்தால், மறுநாள் காரத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை. சட்டியைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு ரீலில்தான் அவர்கள் சட்டியைக் கழுவினார்கள். விளக்கு எரிந்தது. ஒருத்தரும் முறுக்கு வாங்கவில்லை. பேச்சியம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு அவன் நகையப் பிடுங்கையில நாமளும்லட்டி கைதட்டுனோம்."

மஞ்சள் துணி

எங்கள் முதலாளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு கொட்டகை. எங்களுக்கு இரண்டாவது படம் வந்த அன்றைக்கே அங்கே முதல் படத்தை மறுபடி போட்டார்கள். இரண்டு படத்துப் பெட்டியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. அங்கங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை சைக்கிள் முத்தையா அண்ணனுக்கு. அவருக்கு எழுத்துத் தெரியாது. கடைசி ரீலில் மங்களம் இருக்கிறதென்று அந்த டப்பாவுக்கு மட்டும் மஞ்சள் துணி கட்டுவது எங்கள் முதலாளி வழக்கம். முத்தையா அண்ணனுக்கு அதுதான் அடையாளம். அன்றைக்குப் பெட்டிக்குள் அடங்காமல் தனியே வந்த மஞ்சள் துணி டப்பா இரண்டு. இந்த ஊருக்கு அது, அந்த ஊருக்கு இது என்று மாறிப்போயிற்று.

ஆகவே எங்கள் கொட்டகையில் வீரணன் ஜெயிலிலிருந்து வந்து, தண்ணீர் குடித்து, ஊர்ப்பக்கம் நடக்கிறான். கடைசி ரீல் ஓடுகிறது. கதவைத் தட்டுகிறான். விளக்கு. தாழ்ப்பாள். ஊதல். மறுபடியும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வணக்கம். இது முதல் படத்து ரீல் என்று என் வீட்டுக்காரர் உடனே கண்டுகொண்டார். நிறுத்தினால் கொட்டகையைக் கிழித்துவிடுவார்கள் என்று பேசாமல் ஓட்டிவிட்டார். நான் வாசலில் நின்று, இப்போது கத்துவார்கள், இப்போது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

யாரும் கத்தவில்லை. "ஜெயில்ல மீசைய எடுத்துட்டாகளே, இப்ப எப்படிட்டி மீச?" என்று ஒருத்தி கேட்டாள். "நடந்து வாரதுக்குள்ள வளந்திருக்கும், சும்மா கெட" என்று இன்னொருத்தி அடக்கிவிட்டாள். பழைய காட்சி என்று எல்லாருக்கும் தெரிந்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், எங்கே சுத்தினாலும் அவன் அந்தக் கதவுக்கும் அந்த ஊதலுக்கும்தான் வந்து சேரணும் என்று அவர்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். முதல் படத்தைவிட இது ஒசத்தி என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனார்கள். கடைசியாக எழுந்தவள் செல்லத்தாய். சேலையில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மறுபடியும் அதே ஊதல்தான்க்கா. நான் எங்க அண்ணன்கூடப் போறேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில்

அங்கே நடந்த கூத்து வேறே. முதல் படத்தின் முடிவில், இரண்டாவது படத்துக் கடைசி ரீல். வீரணன் தட்டுகிறான், அவள் பட்டென்று கதவைத் திறக்கிறாள், இலை போட்டுச் சோறு பரிமாறுகிறாள், ஊர் கூடிப் பாட்டுப் பாடுகிறது, சுபம். சனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், முடிவை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது படம் அந்த ஊருக்குப் போனபோது மணலில் நாய்கள்தான் படுத்திருந்தன. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, கொட்டகைக்கு எதிரே வெற்றிலைக்கடை வைத்திருந்தவரிடம் காரணம் கேட்டிருக்கிறார். "கதவத் தெறந்து, எலை போட்டு, சோறும் போட்டாச்சு. இன்னும் எதுக்குய்யா ரெண்டாம் படம்? எச்சில் எலை எடுக்கவா?"

சரியான ரீல்

எங்கள் ஊரில் மறுநாளே டப்பாவை மாற்றிச் சரியான முடிவைப் போட்டோம். இரண்டாந்தரம் வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கோ செல்லத்தாய் நினைப்பு. அவள் தப்பான ரீலைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தை முறிக்கிறாளே என்று, அவள் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓடின காலம். பின்னால் இருந்த கரியடுப்பை ஒருத்தர் சுற்றிச் சுற்றி மூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணனும் தங்கச்சியும் ஒரு தகரப் பெட்டியும்.

மூச்சு வாங்க எல்லாத்தையும் சொன்னேன். டப்பா மாறினது, முத்தையா அண்ணன், மஞ்சள் துணி. நெசப் படத்தில் அவள் கதவைத் திறக்கிறாள், அவனும் திருந்திவிடுகிறான் என்று. "படத்துக் கதைய வச்சா வந்து நிக்கிய? போய்ப் பிள்ளையப் பாருங்க" என்றார் அண்ணன். செல்லத்தாய் கோபப்படவில்லை. என் மகன் மூக்கில் படிந்த கரியை முந்தானையால் துடைத்தாள். "படத்துக்காகவா போறேன்? கை போன வண்டிக்காரர் பொண்டாட்டிய தெனமும் கெணத்தடியில பாக்கேன். என்னப் பாத்ததும் கொடத்த நகத்தி எடம் விடுதா. ஒரு வார்த்த ஏசுனாக்கூட நான் இங்க இருந்துருவேன்க்கா."

மாசியில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடாத படத்தை எங்கள் ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டோம். ஒரு சாயங்காலம், மொட்டைத் தலையும் ஒட்டின கன்னமுமாக ஒரு ஆள் பெண்கள் வாசலுக்கு வந்து தயங்கி நின்றார். "இங்க செல்லத்தாயின்னு ஒரு பொம்பள படம் பாக்க வருமாம்ல?" என்றார். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். தெரிந்தும் கேட்கத்தான் வந்திருக்கிறார். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், ஆம்பளைகள் பக்கம் சொல்லி உள்ளே உட்காரவைத்தேன். பேச்சியம்மா முறுக்கு கொடுத்துவிட்டாள்; கையிலேயே வைத்திருந்தாராம், தின்னவில்லையாம்.

படம் விட்டதும் மறுபடி என் வாசலுக்கு வந்தார். வீட்டுக்குப் போகிற ஆளாகத் தெரியவில்லை. முடிவு பிடித்திருந்ததா என்று, எல்லாரிடமும் கேட்டுப் பழகின வாய் கேட்டுவிட்டது. அவர் முறுக்கைத் தூளியின் ஓரத்தில் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு தாயி, கதவத் தெறக்கா. எங்க வீட்ல கதவையே காணோம். அவ அண்ணன் போட்டுக் குடுத்த கதவுன்னு நெலையோட பேத்து வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாராம்."

இதற்கு மூன்றாவது படம் எடுக்கிற தைரியசாலி யாராவது இருந்தால் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்க நான் வருகிறேன், உள்ளே உட்கார்ந்து பார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.