என் கல்லறையில் குடிவந்தவர்

போன கிழமை இரண்டு பேர் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கதவைத் திறந்தது நான்.

இருவரும் அரசாங்கக் கச்சேரியில் என்னிடம் வேலை பழகிய கிளாக்கர்மார். ஒருவர் கறுப்புக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மற்றவர் கையில் மலர்வளையம். என்னைக் கண்டதும் வளையம் அவசரமாக முதுகுக்குப் பின்னால் போனது.

"ஐயா... சுகமா இரிக்கிறீங்களா?" என்றார் கழுத்துப்பட்டி.

"இரிக்கிறன். ஏன்?"

"இல்ல... சேமக்காலைப் பக்கத்தால வந்தம். உங்கட கல்லறையில மெழுகுதிரி எரியுது. பூவும் கிடக்கு."

"நான் அப்பவே சொன்னனான் ஐயா" என்றார் வளையம். "எங்கட சீ.சீ. முன்னறிவித்தல் இல்லாம அப்பிடிப் போற ஆள் இல்ல எண்டு."

என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார். முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் நான் ஒரு நாள் லீவுகூட எடுத்ததில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். வளையத்தை என் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள் — பூ வாடினாலும் கம்பி நத்தாருக்குப் பாலன் குடில் கட்ட உதவுமாம்.

சரி. உயிரோடு இருக்கிற மனுசனுக்குக் கல்லறை எப்படி வந்தது? அதில் மெழுகுதிரி ஏற்றியது யார்? கேட்பீர்கள். ஆனால் எதையும் ஒழுங்குமுறைப்படி சொன்னால்தான் எனக்குச் சரிவரும்.

இந்தப் பக்கத்தைக் கிழமைதோறும் வாசிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். கோட்டைக்குள் இருக்கும் கச்சேரியில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவன் நான். கடைசியில் சீஃப் கிளாக்கர், சுருக்கமாக சீ.சீ. எந்தக் காரியத்துக்கு எந்தப் பத்திரம், யாருடைய கையொப்பம், யாருக்குப் பிரதி — தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வதாக மனைவி முறைப்பாடு.

பென்ஷனில் வந்த பிறகு இந்த அறிவு துருப்பிடிக்கக் கூடாதே என்று எங்கள் கோயிலின் சேமக்காலைக் கமிட்டிக்குச் செயலாளர் ஆனேன். அதுவரை அந்தச் சேமக்காலைக்கு விதிகளே கிடையாது. ஆட்கள் செத்தார்கள். புதைத்தார்கள். அவ்வளவுதான்... இப்படியும் ஒரு நிர்வாகமா? உட்கார்ந்து விதிகளை எழுதினேன். உபவிதிகளோடு.

அந்த விதிகளின்மேல் முதலில் வந்து மோதியவர் பிலோமினா. எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவிக்கிறவர். மழை தொடங்கியிருந்த ஒரு காலையில் வந்து, படியேறாமல் நின்றார்.

"ஐயா, இவருக்குச் சேமக்காலையில ஒரு இடம் வேணும்."

"எவருக்கு?"

"என்ட மனுசனுக்குத்தான்."

அவருடைய மனுசன் அந்தோனிப்பிள்ளை. எங்கள் பங்கில் அவரை மறந்தவர் இருக்க முடியாது. தையல்காரர். கைவேலை வெகு சுத்தம். தவணைதான் சுத்தமில்லை. 'வெள்ளிக்கிழமை வாங்க' என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டார். முதல் நன்மைக்கென்று அளவெடுத்த காற்சட்டையை என் மகன் நாலைந்து வருசம் கழித்து உறுதிபூசுதலுக்குத்தான் போட்டான். அப்போதும் அது அளவாகவே இருந்தது. பிள்ளை வளருவான் என்று பார்த்துத்தான் வெட்டினாராம்.

அறுபத்து நான்காம் ஆண்டு. அவருடைய தாயார் காய்ச்சலில் சாகக் கிடந்து தப்பினார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தார் அந்தோனிப்பிள்ளை. எங்கள் எல்லோருடைய நத்தார்த் துணியும் மேசையில் குவிந்து கிடக்க, மனுசன் கப்பலேறிவிட்டார். நத்தாருக்கு முதல் வந்துவிடுவேன் என்றாராம். நாங்கள் யாரும் நம்பவில்லை.

நேர்த்தியை முடித்து, தனுஷ்கோடியில் தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்கத் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் எடுத்தது. உள்ளே இருந்தவர்கள் திரும்பவில்லை. கூடப் போன கூட்டாளி மட்டும் வயிற்றோட்டத்தால் பாம்பன் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டவர். அந்தோனிப்பிள்ளை அந்த ரயிலில் ஏறி, ஜன்னலால் கைகாட்டிப் போனதைக் கண்டவர் அவர்தான். பிரேதம் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதே யாருக்கும் முழுதாகத் தெரியாது.

தாயார் ஏற்கவில்லை. "என்ட மகன் எதுக்கு நேரத்தோட வந்தவன்? ஆறுதலா வருவான்" என்று விட்டார். வீட்டில் யாரும் கறுப்பு உடுக்கக் கூடாது. இறந்தோர் பூசை கொடுக்கக் கூடாது. பிலோமினாவும் வருசக்கணக்காகக் கலர்ச்சேலையோடு இடியப்பம் அவித்தார். இந்தப் பங்குனியில் தாயாரும் போய்ச் சேர்ந்தார்.

"மாமி இரிக்கும்வரைக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்த விடல்ல ஐயா" என்றார் பிலோமினா. "அவவுக்காகத்தானே போனவர். செத்திட்டார் எண்டு சொன்னா அவவால தாங்கேலா. நானும் பேசாம இரிந்திட்டன். இப்ப மாமியும் இல்ல. செத்தவங்களை நினைக்கிற இந்த ஆத்துமாக்கள் திருநாளுக்காவது இவருக்கெண்டு ஒரு இடத்தில நிண்டு நான் அழவேணும்."

இந்த இடத்தில் ஒரு மனுசன் என்ன செய்வான்? நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிகளை விளக்கினேன். கல்லறை என்றால் அடக்கம் நடக்கவேண்டும். அடக்கத்துக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு மரணப் பதிவு. பதிவுக்குப் பிரேதம்.

"பிரேதத்தை ஆரு ஐயா தாற?"

"அது... சம்பந்தப்பட்ட தரப்பு ஒப்படைக்கவேண்டும்."

"கடலா?"

நான் வேறு வழிகளை ஆராய்ந்தேன். மாமியின் கல்லறையில் மகனின் பெயரையும் சேர்த்து வெட்டலாமே?

"மாமிட கல்லில 'காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை' எண்டு போட்டா, மாமி எழும்பி வந்து சுரண்டி எடுத்திருவா."

கோயில் சுவரில் ஒரு பலகை? ஆயர் இல்லத்து அனுமதி வேண்டும், அதற்கு வருசமாகும். சேமக்காலையின் நடுச்சிலுவை? வேறிடங்களில் அடக்கப்பட்டவர்களுக்கு எல்லோரும் அதன் அடியில்தானே மெழுகுதிரி வைக்கிறார்கள்?

"அது எல்லாருக்கும் பொது ஐயா. பூசை வெக்கிற சுவாமி ஒவ்வொரு கல்லறையா நிண்டு பேர் சொல்லி மந்திரிச்சுக்கொண்டு வருவார். இவர்ர பேரை ஆரும் கூப்பிடமாட்டாங்க."

இதற்கு என்னிடம் உபவிதி இல்லை. கமிட்டிக்கு வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு காரியத்தை மெதுவாகக் கொல்ல அதைவிட நல்ல முறை அரசாங்கத்தில் கிடையாது.

கமிட்டியில் எனக்கென்று ஓர் எதிர்க்கட்சி உண்டு. பெயர் வில்பிரட். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி. என்னோடு படித்தவர், தச்சுவேலையில் பேர்பெற்றவர், என்னை மதிக்காமல் இருப்பதைப் பிறவிக்கடமையாகச் செய்பவர்.

"பிரேதம் இல்லாட்டிக் கல்லறை இல்லையா?" என்றார் வில்பிரட். "அப்ப யேசுநாதருக்கும் நீ குடுக்கமாட்டாய் மச்சான். மூண்டாம் நாள் போய்ப் பார்க்கக்குள்ள அங்கயும் பிரேதம் இல்ல."

அடக்கம் நடந்த வேளையில் பிரேதம் இருந்தது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்தேன். விண்ணப்பம் பிற்போடப்பட்டது. அன்று மிகவும் திருப்தியாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை எல்லோரும் சேமக்காலைக்கு வருவோம். புல்லுப் பிடுங்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நாள். நானும் ஒரு வாளியோடு போய் என் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன்.

ஆம், என் கல்லறை. முற்பதிவு செய்தது. செத்த வீட்டு அவசரத்தில் கொத்தன்மார் பெயரில் ஓர் எழுத்தை விழுங்குவார்கள், வருசத்தை மாற்றிப் போடுவார்கள். என் விஷயத்தில் அப்படி நடக்க விடுவேனா? கல்லை முன்கூட்டியே வெட்டுவித்து நாட்டிவிட்டேன். பெயர், பதவி, பிறந்த வருசம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் வெற்றிடம். கீழே 'இங்கே துயில்கிறார்' என்று அழகான எழுத்தில். மிச்ச வேலை ஒரே ஒரு வருசத்தை வெட்டுவதுதான். அதையாவது சரியாகச் செய்யட்டும்.

மாமியின் கல்லறையைத் துப்புரவாக்கிவிட்டு வந்த பிலோமினா என் பின்னால் நின்றார். கல்லைப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"இங்கே துயில்கிறார் எண்டு கிடக்கு. ஆரு ஐயா துயில்ற?"

"யாருமில்லை. அது எனக்கு. முற்பதிவு."

"உள்ளுக்க பிரேதம்?"

"இல்லை."

"பெர்மிட்டு?"

தூரிகையிலிருந்து சுண்ணாம்பு என் கால் சப்பாத்தில் சொட்டியது. பக்கத்துக் கல்லறையில் வேலையாக இருந்த வில்பிரட் வேலையை நிறுத்திவிட்டார்.

"நீங்களும் இன்னும் வந்துசேராத ஆள். அவரும் இன்னும் வந்துசேராத ஆள்" என்றார் பிலோமினா. சத்தம் உயரவில்லை. "நீங்க திண்டு குடிச்சு, நடந்து வந்து உங்கட கல்லறைக்கு வெள்ளையடிக்கிறீங்க. அவர் எங்க கிடக்கிறாரெண்டு எனக்குத் தெரியா. உங்களுக்குக் கல்லிரிக்கு. அவருக்கு விதியிரிக்கு."

வில்பிரட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விதிகளை ஒருமுறை மனத்தில் புரட்டினேன். என் கல்லறை விதிப்படி சரி. அந்தோனிப்பிள்ளைக்கு இடமில்லை என்பதும் விதிப்படி சரி. இரண்டும் சரியென்றால், அந்த மனுசி என் முன்னால் இப்படி நிற்பது எப்படிச் சரியாகும்? முப்பது வருசத்துக்கு மேல் சர்க்காருக்கு எழுதிய மூளை பழைய சுற்றறிக்கைகளைத் துழாவியது.

ஒன்று கையில் பட்டது. அரசாங்க குவாட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. வீடு ஒதுக்கப்பட்ட உத்தியோகத்தர் கடமையேற்க வரும்வரை, வீடில்லாத இன்னொருவரை அதில் தற்காலிகமாகக் குடியிருத்தலாம். இதை நான் சொல்லி முடித்தபோது பிலோமினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயா என்ன சொல்ற?" என்று வில்பிரட்டைக் கேட்டார்.

"உன்ட மனுசன் இவன்ட கல்லறையில இரிக்கலாமாம்" என்றார் வில்பிரட். "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல இவனுக்கு வாய் வராது. நீ ஒண்டும் நினையாத."

பின்னேரமே வில்பிரட் ஒரு தேக்குப் பலகையில் பெயரைச் செதுக்கி என் கல்லில் சாய்த்து வைத்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சிறிது ஏமாற்றமாக இருந்தது.

திருநாளன்று நல்ல மழை. வாவிப் பக்கத்திலிருந்து காற்று வேறு. பூசை முடிந்து சுவாமி ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். பிலோமினா அன்றுதான் முதன்முதலாகக் கறுப்புச் சேலை உடுத்து வந்திருந்தார். மெழுகுதிரியைக் கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைத்தது.

"ஐயா, ஒள்ளுப்பம் அந்தக் குடையைப் பிடிங்க."

கொஞ்சம்தானே, பிடித்தேன். என் கல்லறை நனையாமல் நானே நனைந்துகொண்டு நின்றேன். சுவாமி வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர் பிலோமினாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "அந்தோனிப்பிள்ளையின் ஆத்துமத்துக்காக" என்று சத்தமாகச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மரியாதைக்கு என்மேலும் கொஞ்சம் தெளித்தார்.

பிலோமினா அழுதார். அந்தோனிப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஏசி ஏசி அழுதார். நத்தார்த் துணிக்கு வந்த சனத்துக்குத் தான் சொன்ன பொய்கள், மாமிக்குத் தெரியாமல் அடுப்படியில் விழுங்கிய அழுகை — எல்லாவற்றுக்கும் ஏச்சு. புருசனிடம் மட்டுமே ஏசக்கூடிய ஏச்சு. நான் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கக்கூடாததைக் கேட்காமலிருக்க ஒழுங்குமுறை எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரக் காற்றில் பலகை முகங்குப்புற விழுந்ததாம். மெழுகுதிரியும் பூவும் என் பெயரும் மட்டும் தெரிந்திருக்கின்றன. மிச்சத்தைக் கழுத்துப்பட்டியும் வளையமும் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நேற்றுக் கமிட்டி கூடியது. கடலில் காணாமற் போனவர்களுக்கும் இனி இடம் கொடுக்கலாம் என்று விதியைத் திருத்தினோம். பிரேரித்தது நான், வழிமொழிந்தது வில்பிரட். எதிர்க்கட்சி என்னை ஆதரித்தது இதுவே முதல் தடவை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று விசாரித்தேன். வாகரையில் வள்ளத்தோடு மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் ஏற்கெனவே ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார்.

கூட்டம் முடிந்த கையோடு நல்ல செய்தியைச் சொல்லப் பிலோமினாவிடம் போனேன். அந்தோனிப்பிள்ளைக்கு நிரந்தரமாகவே, தனியாக, மாமரத்தடியில் ஓர் இடம்.

அவர் இடியப்ப உரலைக் கீழே வைத்தார்.

"வேணாம் ஐயா. இப்பத்தான் வந்து இரிக்கிறார். எழுப்பப்படாது."

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். "அப்ப உங்களை எங்க வெக்கிற?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் ஒருவரைக் குடிவைத்தால் பிறகு எந்தச் சட்டத்தாலும் எழுப்ப முடியாது என்பது வீட்டுச் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, என் சாவு மறு அறிவித்தல்வரை பிற்போடப்படுகிறது.