கடைசி பெஞ்சில் கஸ்தூரி

தறியில் இருந்தபோது போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் டீச்சர். "கஸ்தூரி போயிட்டாங்கண்ணா. நெஞ்சு வலியாம். வீட்ல யாரும் இல்ல. காலைல பால்காரருதான் பாத்திருக்காரு." யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தேன். இப்படி எதுவென்றாலும் நான் சொல்கிற ஆளே கஸ்தூரிதான்.

நம் வகுப்பில் படித்தவர்கள் யாரும் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவர்கள் விட்ட படிப்பை முடிப்பதற்கான வகுப்பு அது. என் மனைவி இறந்த மறுவருடம், பத்தாவது எழுதலாம் என்று மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே எல்லோரும் பெண்கள். பேச்சு சட்டென்று நின்றது. வாசலோடு திரும்பினேன்.

"இன்னாண்ணா, வந்துட்டுத் திரும்பிப் போறீங்க? பொண்டாட்டி இல்லாதவங்களுக்கும்தான் இந்த கிளாஸு" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். கஸ்தூரி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

கணவர் விட்டுப் போனவர். புடவைக் கடையில் வேலை. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஒருநாள் காய்ச்சலோடு வந்திருந்தார். வீட்டில் படுத்திருக்கலாமே என்றேன். "அங்க நான் சந்தோஷ் அம்மா. கடையில 'ஏம்மா'. இங்கதான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கஸ்தூரின்னு கூப்புடறாங்க. அதுக்காகவே வருவேன்."

நாங்கள் பக்கத்தில் உட்காருவது ஊரில் பேச்சாயிற்று. மாகறலிலிருந்து என் மனைவியின் அக்கா வந்தார். "கண்டவளோட உக்காந்துக்கினு படிக்கிறியாமே? கொழந்தைய நான் இட்டுக்கினு போறேன்" என்றார். மகள் போய்விடுவாளோ என்ற பயத்தில் வகுப்புக்குப் போவதையே நிறுத்தினேன்.

அக்கா மறுபடி வந்திருந்த நாளில், கஸ்தூரி தன் மகனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். "அந்தக் கண்டவ நான்தாம்மா. பக்கத்துல உக்காந்துதான் கணக்கு போடறோம். பொண்ணுக்குப் பாடம் சொல்லித் தரணும்னுதான் இந்த மனுஷன் படிக்கிறாரு. அந்தக் கொழந்தையையும் நீங்க இட்டுக்கினு போய்ட்டா, அவருக்கு யாரு இருக்கா?"

அக்கா எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட்டார். சாயங்காலம் மாகறல் பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினார். அடுத்த ஞாயிறு நான் வகுப்புக்குப் போனேன். பத்தாவதில் கஸ்தூரி முதல் தடவையே தேறினார். நான் இரண்டாம் தடவை. பிளஸ் டூவுக்கும் சேர்ந்தே பணம் கட்டியிருந்தோம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, சென்னையில் வேலை பார்க்கும் சந்தோஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா கிளாஸ்ல எப்படி இருப்பாங்க மாமா?"

"ரொம்ப சிரிப்பாங்கப்பா. நான் இங்கிலீஷ் படிச்சா, பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிப்பாங்க."

"வீட்ல அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல மாமா."

அந்தச் சிரிப்புதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. பெற்ற மகனுக்குச் சேர வேண்டியது. அதை எப்படி எடுத்துக் கொடுப்பதென்று தெரியவில்லை.