ஒரே எண்ணெய்

தொழிற்சாலை கேன்டீனில் எல்லோரும் அவளை வறுவல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்க வந்தவள். பிறகு காய் நறுக்கினாள். இப்போது ஒன்பது வருடமாக வறுக்கிற அடுப்பு அவள் பொறுப்பு. வாய் திறந்து பேசுவது குறைவு. கண் மட்டும் எதையும் விடாது.

அன்றாடம் அவள் சொல்லும் பொய் ஒன்று உண்டு. மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தது. யாராவது தட்டை நீட்டி, "இது மீன் வறுத்த எண்ணெயா?" என்று கேட்டால், "இல்லைங்க, தனி எண்ணெய்" என்பாள். கேன்டீனில் இருந்ததோ ஒரே வாணலி. எண்ணெய் மாற்றுவது சனிக்கிழமை.

அவள் மகளுக்கு இறால் ஆகாது. நான்கு வயதில் அரை இறால் தின்றதற்கே உதடு தடித்து, மூச்சு விசில் போல இழுத்தது. இறால் பட்ட கரண்டிகூடக் கூடாது என்றார் டாக்டர். தொடையில் போடும் ஊசி மருந்து அன்றிலிருந்து அவள் கைப்பையிலேயே கிடந்தது. இப்போது மகளுக்கு வயது ஆறு.

கடற்கரைக்கு நான்கு நாள் போகலாம் என்று ஏற்பாடு செய்தது கணவனின் அண்ணன் மனைவியான மூத்த ஓர்ப்படி. கணவனுக்கு விடுப்பு கிடைக்காததால் மகளும் அவளும் மட்டும் மச்சாண்டார் குடும்பத்தோடு கிளம்பினார்கள். போய் இறங்கியதும் சாப்பாட்டுப் பேச்சு வந்தது.

"ரூம்ல அடுப்பு இருக்குக்கா. நானே சமைச்சிடறேன்."

"வருஷம் பூரா கரண்டி பிடிச்சது போதாதா? கடலைப் பார்க்க வந்துட்டு அடுப்பைப் பார்த்துக்கிட்டு உட்காரப்போறியா?" என்றாள் ஓர்ப்படி.

"பிள்ளைக்கு..."

"இறால் வாங்கித் தராம இருந்தா சரியாப்போச்சு. கடைக்காரன் என்ன ஊட்டியா விடப்போறான்?"

மச்சாண்டார் சிரித்தார். "விட்டா இவ மீனைக் கூப்பிட்டு, நீ இறால் பக்கத்துல நீந்தினியான்னு விசாரிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். இதற்கு மேல் எப்படிப் பேசுவது? தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் கரையோரக் கடை. பத்தடி தூரத்தில் கடல் இருந்தும் அவள் கண் அதன் பக்கம் போகவில்லை. காற்றெல்லாம் இறால் வறுக்கும் வாசனை. மகளுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் சொன்னாள். குழந்தை பெரியப்பாவின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு வறுவலையே பார்த்தது.

"இரு, கேட்டுட்டு வரேன். தொடக்கூடாது."

முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சமையலறை வாசலில் இரண்டு முறை நின்று, மூன்றாவது முறை கேட்டாள்.

"அண்ணே, உருளைக்கிழங்கு எந்த எண்ணெய்ல வறுக்கறீங்க?"

சமையல்காரர் திரும்பவில்லை. "தனி எண்ணெய்மா."

அதே வேகம். அதே சாதாரணம். அவளுடைய வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது போலிருந்தது.

"நானும் வறுக்கிற அடுப்புதாண்ணே. ஒன்பது வருஷமா நானும் இதையேதான் சொல்றேன். என் பிள்ளைக்கு இறால் ஆகாது."

அவர் இப்போது திரும்பினார். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"கொடுத்துடாதீங்க. ஒரே எண்ணெய்தான்."

அவள் ஓடி வந்தாள். மகளின் விரல்களில் எண்ணெய் மினுங்கியது.

"உருளைக்கிழங்குதானேம்மா," என்றார் மச்சாண்டார். "இறாலா கொடுத்தேன்?"

"அம்மா, காது அரிக்குது," என்றது குழந்தை. பிறகு, "தொண்டை என்னமோ பண்ணுது."

காதுக்குப் பின்னால் சிவப்புத் திட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிய்த்தாள். மூடியைக் கழற்றி, பாவாடைக்கு மேலேயே தொடையில் ஊசியை அழுத்திப் பத்து வரை எண்ணினாள். ஏழுக்குப் பிறகு எட்டு வருமா என்றே சந்தேகமாகிவிட்டது. அதற்குள் சமையல்காரர் ஈரக் கையோடு வண்டியைக் கிளப்பியிருந்தார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: மகளின் மூச்சு. ஒவ்வொரு முறை உள்ளே இழுக்கும்போதும் அந்த விசில். சமையல்காரர் ஏதோ மன்னிப்புப் போலச் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை.

மாலைக்குள் விசில் அடங்கியது. அப்போதும் அவள் மகளின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை தட்டு என்று நினைப்பு ஓடியது. அதன் பின்னால் போகப் பயந்தாள்.

மச்சாண்டார் வராந்தாவிலேயே நின்றார். ஓர்ப்படி கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றாள்.

"நாளைக்கு என்ன சமைக்கலாம்னு இருக்கே? வெங்காயம் நான் உரிச்சுத் தரேன்."

மிச்ச நாளெல்லாம் ரூம் அடுப்பில்தான் சமையல். மச்சாண்டார் கேலி எதுவும் பேசாமல் தட்டுகளைக் கழுவினார். அவள் சோற்றைக் கிளறியபடியே மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில் ஒரு பெண் தட்டை நீட்டினாள். "அக்கா, இது தனி எண்ணெய்தானே?"

மேற்பார்வையாளர் நாலடி தள்ளி நின்றிருந்தார்.

"இல்லைங்க. மீன், இறால் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகாதுன்னா எடுக்காதீங்க."

மேற்பார்வையாளரின் தலை திரும்பியது. வரிசையைச் சுற்றிக்கொண்டு அடுப்பை நோக்கி வந்தார். கரண்டியைக் கீழே வைக்காமல் அவள் அடுத்த தட்டைப் பார்த்தாள்.