மூன்றாவது சோதனைக்குப் போகவிடாத மாரியம்மா

போன வருஷம் கார்த்திகை மாதம் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஓசூர் சிப்காட்டில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக மெஷின் ஓட்டியவன் நான். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "ஆர்டர் வந்தா கூப்பிடறோம்" என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. நானும் போன் செய்து கேட்கவில்லை. எனக்கு வாயும் நீளம், வீம்பும் ஜாஸ்தி.

சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம். மனைவி சாந்தி நாட்றாம்பாளையத்துக்காரி. மத்திகிரியில் வாடகை வீடு, ஆறாவது படிக்கும் ஒரு மகள். சாந்தி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள், நான் வீட்டில் உட்கார்ந்து அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பேன். அதில் தப்பொன்றும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது பெரிய அவமானம்.

தை மாதம் பழைய கம்பெனி நண்பன் முருகேசனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அண்ணா, பெங்களூர்ல மருந்து டெஸ்ட்டுக்கு ஆளு எடுக்கறாங்க. மூணு நாள் படுத்துக்கினு இருந்தா போதும்" என்றான். கடையில் ஏற்கெனவே விற்கிற மருந்தை இன்னொரு கம்பெனி தயாரித்தால், இரண்டும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பணமும் உண்டு. சரி என்று கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனேன்.

உள்ளே எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து நாக்குக்கு அடியில் பார்ப்பார்கள். கையில் ஊசியைப் பொருத்தி, நேரம் பார்த்துப் பார்த்து ரத்தம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் தமிழிலேயே ஒரு சம்மதப் படிவம் கொடுத்து, காமிரா முன் உட்காரவைத்து, படித்தீர்களா, புரிந்ததா என்று கேட்டார்கள். "புரிஞ்சுது மேடம்" என்றேன். அத்தனை பக்கத்தில் நான் படித்தது பணம் எப்போது வரும் என்ற பக்கம் ஒன்றைத்தான்.

சாந்தியிடம் பெங்களூர் போகிற வழியில் பொம்மசந்திரா கம்பெனி ஒன்றில் தங்கி வேலை பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். அது முதல் பொய்.

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று மாதம் இடைவெளி வேண்டும் என்று அந்த இடத்தில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் ஐந்தாவது வாரமே வேறொரு இடத்தில் போய் நின்றேன். "இதுக்கு முன்னாடி கலந்துக்கிட்டிருக்கீங்களா?" என்றார்கள். "இல்லை" என்றேன். அது இரண்டாவது பொய். அதையும் முடித்துவிட்டு, பங்குனி பிறந்ததும் மூன்றாவது இடத்தில் ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறுதான் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பூசாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்தவர், "வேலுச்சாமி!" என்றார். நான் திரும்பி வேறு எந்த வேலுச்சாமி என்று பார்த்தேன். சாந்தி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"உங்களுக்கு நல்ல வேலை கெடைக்கணும்னு அக்கினிச் சட்டி நேர்ந்துக்கினேன். போங்க."

அத்தனை பேர் முன்னால் என்ன செய்ய? கையை நீட்டினேன். காப்புக் கட்டினவர் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்கினிச் சட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டி வெளியே தங்கக் கூடாது. நானோ புதன்கிழமை பெங்களூரில் போய்ப் படுக்க வேண்டியவன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சந்நிதியில் நின்று மனசுக்குள் அம்மனோடு சண்டை போட்டேன். "வேலையும் தர மாட்டே, போற வழியையும் அடைப்பியா? உனக்கு நேரம் காலமே தெரியாதா?"

முருகேசனுக்கு போன் செய்தேன். "அதுக்கென்னாண்ணா, கத்திரில வெட்டிட்டு வா. உள்ள போனா அவங்களே கயித்தெல்லாம் கழட்டச் சொல்வாங்க. சாமி கோச்சிக்காது" என்றான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பிளேடை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்ட முடியவில்லை. பக்தியால் என்று சொன்னால் அது மூன்றாவது பொய். சுத்தமான பயம். வீட்டில் பெண் குழந்தை இருக்கிறாளே என்ற பயம். புதன்கிழமை பஸ் போகிற நேரம் போயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன்.

காப்புக் கட்டியவர்களுக்குக் காலையில் வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் கோயில் வழக்கம். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, உடம்பு அசதியாக இருந்தது. விரதம்தான் காரணம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் ஊற்றிவிட்டுச் சாந்தி என் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணுல மஞ்ச தண்ணி பூந்திருச்சா? கழுவுங்க."

கழுவினேன். மறுபடியும் பார்த்தாள். "இன்னொரு வாட்டி கழுவுங்க" என்றாள். மூன்றாவது தடவை கழுவியபோது அவள் குரல் மாறிவிட்டது. "இது தண்ணி இல்லைங்க."

மஞ்சள் காமாலை. பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. டாக்டரிடம் போனால் கேள்வி கேட்பாரே! உடனே கோயிலுக்கு நடந்தேன். அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "அம்மா, எனக்கு என்னமோ ஆயிருச்சு. எம்பிள்ளைய அநாதையாக்கிராத. ஆனா நான் செஞ்சது யாருக்கும் தெரியாம சரி பண்ணிக் குடு." சொல்லி முடிக்கவில்லை, கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

பூசாரி ஓடிவந்து கண்ணைப் பிரித்துப் பார்த்தார். அவர் தீர்த்தம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "இலையுங் கொழையும் ஒண்ணும் வேணாம், பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். அங்கேயே படுக்கச் சொன்னால் காப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். "அவ எல்லைய நான் பெருசு பண்ணிக்கறேன். நீ கெளம்புப்பா மொதல்ல!" என்று அதட்டி, அவரே ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, வயிற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கல்லீரல் நல்லா வீங்கியிருக்கு. குடிப்பழக்கம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

பக்கத்தில் நின்ற சாந்தி முந்திக்கொண்டு சொன்னாள். "தலவலிக்குக்கூட மாத்திர போட மாட்டாருங்க மேடம். அப்பிடி ஒரு ஒடம்பு."

எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா? இவளுக்கு என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நினைத்தேன். அந்த இடத்தில் அம்மன் என்னைப் பிடித்து உலுக்கினாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஏனென்றால் அதுவரை எந்த இடத்திலும் பொய்க்குத் தயங்காத என் வாய், நான் நினைக்காமலே திறந்தது. "சாப்பிட்டேன் டாக்டர். ரெண்டு எடத்துல. காசுக்காக" என்றேன். பெங்களூர், இடைவெளி, மூன்றாவது இடம், கீழாநெல்லி, எல்லாவற்றையும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே கொட்டினேன்.

சாந்தி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "படிவம் ஏதாவது குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு இடத்துப் படிவங்களையும் வீட்டில் பழைய டூல்ஸ் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சாந்திதான் போய் எடுத்து வந்தாள். வரும் வழியில் ஆட்டோவிலேயே முழுக்கப் படித்திருக்கிறாள். ஒன்றில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தை விரித்து என் மடியில் வைத்தாள். உடம்புக்கு ஏதாவது செய்தால் எந்த நேரமும் இந்த எண்ணில் டாக்டரைக் கூப்பிடலாம், சோதனையால் வந்த பாதிப்பு என்றால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது என்று தமிழில் அச்சடித்திருந்தது. அவ்வளவு நாளும் அது என் பைக்குள்தான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மாவே இரண்டு இடத்துக்கும் பேசினார். இரண்டு இடத்திலும் போனை எடுத்தார்கள், என்ன மருந்து, எவ்வளவு என்று சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் நான் பொய் சொன்னதற்குக் கோபப்பட்டார்கள். படவேண்டியதுதான். "எந்த மருந்தால வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா இந்த நெலமையில புதுசா ஒரு மாத்திரையும், அதுக்கு மேல கீழாநெல்லியும் போயிருந்தா, நாம இப்பிடி உக்காந்து பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

எட்டு நாள் அங்கேயே இருந்தேன். முதல் இரண்டு நாளும் சாந்தி கஞ்சி கொண்டுவந்து வைப்பாள், போவாள். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஊசி குத்திக்கினதுகூட பெருசில்ல. எங்கிட்ட சொல்லாம போய்க் குத்திக்கினீங்களே, நான் யாருன்னு நெனச்சீங்க?"

மன்னித்துக்கொள் என்றேன். என் பெயரில் நேர்ந்த அக்கினிச் சட்டியை அந்தச் செவ்வாய்க்கிழமை அவளே தூக்கினாள். கையெல்லாம் சூடு பட்டுச் சிவந்திருக்க ஆஸ்பத்திரிக்கு வந்தவளைப் பார்த்து நான் கும்பிட்டுவிட்டேன். "போதும் போதும், நர்ஸம்மா பாக்கறாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாதி நோய் போனது.

வைகாசியில் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகிவிட்டது. இந்தக் கதையைக் கேட்ட ஒரு நண்பர், "அங்கே போயிருந்தாலும் கண்ணைப் பார்த்ததும் திருப்பி அனுப்பியிருப்பாங்கப்பா, இதுல சாமி எங்க வந்துச்சு?" என்றார். இருக்கலாம். புதன்கிழமை என் கண் வெள்ளையாக இருந்ததா மஞ்சளாக இருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் பொய்யை மூட்டை கட்டிக்கொண்டு போன ஒருவனை அம்மன் எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைத்தாள், பேச வைத்தாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மருந்துச் சோதனைக்குப் போகவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. யாரோ ஒருவர் முதலில் விழுங்கிப் பார்த்ததால்தான் நாம் கடையில் பயமில்லாமல் மாத்திரை வாங்குகிறோம். அது நல்ல காரியம். உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்கிறவரைக்கும் நல்ல காரியம். எங்கள் தெருவில் போகிறவர்கள் இப்போது படிவத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சாந்தி ஒரு பக்கம் விடாமல் படித்துக் காட்டுகிறாள். முருகேசனும் வந்து கேட்டுவிட்டுப் போனான்.

ஆடி மாதம் ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலை. மெடிக்கல் படிவத்தில், கடந்த ஒரு வருஷத்தில் ஏதாவது நோய் உண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று ஒரு கோடு போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாரியம்மா என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, காமாலை வந்ததையும், வந்த விதத்தையும், இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி டாக்டர் இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து, "இதெல்லாம் யாருங்க எழுதுவாங்க?" என்றார். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை முதல் ஷிப்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்டது, யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்பது. தாய் அதில் பாதியை மட்டும்தான் கொடுத்தாள். மறு பாதியைக் கொடுக்காமல் விட்டாளே, அதற்குத்தான் நான் ஆயுசு முழுக்க அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர், வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு சாமியிடம் மட்டும் அழுதுகொண்டிருந்தால், உங்களைத்தான் கேட்கிறேன். இன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அம்மனிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு அடுப்படிக்குப் போய், சொல்லவேண்டிய ஆளிடமும் சொல்லிவிடுங்கள். முதல் வார்த்தை மட்டும்தான் கஷ்டம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் துணை நிற்பாள்.