எங்கள் வாசலில் நின்றுபோன டிரம் சத்தம்

சபைக்கு முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கர்த்தர் என் வீட்டுக்குச் செய்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

என் பேர் எஸ்தர். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து வடக்குப்பட்டில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ஜெபராஜுக்கு ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் லைன் வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் டிரம் அடிப்பதும் அவர்தான். மகள் பிளெசி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் பிறவியிலேயே பயந்தவள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும், நான் கேட்டுக்கு போன் போட்டுவிடுவேன். செக்யூரிட்டி அண்ணனுக்கு என் குரல் மனப்பாடம். "யம்மா, உன் ஊட்டுக்காரரு உள்ள நல்லாத்தான் கீறாரு. நீ போய் சோத்த வடிம்மா" என்பார்.

இப்படி எல்லாவற்றுக்கும் பயந்ததால், உண்மையாகவே பயப்பட வேண்டிய நாள் வந்தபோது யாரும் என்னை நம்பவில்லை.

போன வருஷம் நவம்பர் கடைசி. வேலைக்குக் கிளம்பும்போது அவர், "காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "எறும்பு கடிச்சாலும் ஒனக்கு ஆன மிதிச்ச மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு லைனில் போல்ட் முடுக்கும் துப்பாக்கி அவர் கையிலிருந்து நழுவி விழுந்ததாம். "இன்னாப்பா, தூங்கினு கீறியா?" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டாராம். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கக் காலை ஊன்றினார். கால் மடங்கியது. மீன் கூடை சாய்கிற மாதிரி அப்படியே சரிந்தார்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்குச் சாயங்காலம் கை விழுந்தது. பிறகு கழுத்து நிற்கவில்லை. அப்புறம் மூச்சு. தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைத்தார்கள். நரம்பில் வருகிற நோயாம், அதன் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. "மருந்து ஏத்தியாச்சும்மா. இனிமே அவரு உடம்புதான் சொல்லணும்" என்றார் டாக்டர். கை எடுத்துக் கும்பிட்டு, "பிழைச்சுக்குவாரா சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்தார்.

பார்க்க விடுகிற நேரத்தில் உள்ளே போவேன். "எல்லாம் அவருக்குக் கேக்கும், பேசுங்க" என்று நர்ஸம்மா சொல்வார்கள். என்னத்தைப் பேசுவது? "என்னங்க, நான்தான்" என்பேன். அவர் கண் மட்டும் என் பக்கம் திரும்பும். கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் வந்து காதுக்குள் இறங்கும். அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை அசையாது. நான் முந்தானையால் துடைப்பேன். வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பேன்.

சபையார் நீங்கள் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். எனக்குத்தான் ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் மனசு வேறெங்கோ ஓடியது. இங்கேயே அடக்கம் பண்ணுவதா, ஊருக்குக் கொண்டுபோவதா? அத்தைக்கு யார் சொல்வது? பிளெசியின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டுமா? உயிரோடு இருக்கிற மனுஷனை நான் தினமும் புதைத்துக்கொண்டிருந்தேன். வேதத்தை விரித்தால் எழுத்து எறும்பாக ஓடியது. "இயேசப்பா" என்று ஒரு சொல் மட்டும் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. கேட்கிறவர் இருக்கிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

போன் அடித்தாலே தூர வைத்துவிட்டு நிற்பேன். கெட்ட செய்தி நேராக என் காதில் விழ வேண்டாம் என்று போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். எதுவானாலும் வீட்டுக்கார அக்கா போனுக்குச் சொல் என்று என் கொழுந்தன் டேனியலிடம் சொல்லியிருந்தேன். அவன்தான் ஊரிலிருந்து வந்து என்னோடு மாறி மாறி ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டுக்கார அக்கா பேர் சாந்தா. இந்த ஊர்க்காரர்கள். அவர்களுடைய நிலமெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டது. நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அம்மன் கோயிலுக்கு நெருப்பு மிதிக்கிற குடும்பம்.

டிசம்பர் பிறந்தது. எங்கள் தெருவில் விசுவாசிகளின் வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறியது. எங்கள் வீட்டு நட்சத்திரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஏணி போட்டு அதைக் கட்டுகிறவர் அவர். பிளெசி ஒருநாள் இழுத்து வெளியே வைத்தாள். "இந்த வருஷம் வேண்டாம்" என்று மறுபடி உள்ளே தள்ளினேன். அவள் கையில் ஒட்டிய தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

சாந்தா அக்கா கேட்டார்கள்: "இன்னா எஸ்தரு, எல்லார் வூட்லயும் இஸ்டார் எரியுது, உன் வூடு மட்டும் இருட்டா கீது?"

"யாருக்குக்கா கட்டணும்?" என்றேன்.

"அடிப் போடி, அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

நமக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டோம். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் போகிறவர்கள் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் பாட்டையும் டிரம்மையும் நிறுத்தி, தலை குனிந்து கடந்துபோவார்கள். பிறகு ஒருநாள் பாஸ்டர் மட்டும் வந்து ஜெபித்துவிட்டுப் போவார். அந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் நட்சத்திரத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளியபோது அது எனக்கு நினைவில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. டேனியல் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் துணி துவைக்க வீட்டுக்கு வந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. அவருடைய டிரம்தான். வேறொரு தம்பி அடிக்கிறான் என்று தாளத்திலேயே தெரிந்தது. சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது. உள்ளே வந்தால் அவர்கள் முன்னால் எப்படிச் சிரிப்பேன்? கதவைச் சாத்தி, பிளெசியை மடியில் இழுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டுக்கு வந்தது. எங்கள் வாசலுக்கு வந்தது.

டிரம் நின்றது.

பாட்டு நின்றது. செருப்புச் சத்தம் மட்டும் மெதுவாக நகர்ந்தது. ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று இவர்கள் நினைக்கிறார்கள். இல்லை, எனக்குத் தெரியாமல் உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டதோ? பிளெசி என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, அப்பா செத்துட்டாங்களா?" என்றாள்.

எனக்குள் எது எழுந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிற நான், கதவைத் திறந்து தலைவிரிகோலமாகத் தெருவுக்கு ஓடினேன்.

"நிறுத்தாதீங்க! அவுக சாகல! உயிரோடதான் இருக்காக! கொட்டுங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் திகைத்து நின்றார்கள். கேரல் குழுவைக் கூட்டிவந்த தங்கதுரை அண்ணன், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒன் போன் எத்தன நாளா ஆப்பா இருக்கு தாயி. டேனியல் நம்பரும் எங்ககிட்ட இல்ல. வீட்ல ஸ்டாரும் இல்ல. நாங்க வேற என்னத்த நெனைக்க?" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாத்தா தம்பியும் முகமூடிக்குள் அழுதான். தாடி நனைந்து தொங்கியது.

சத்தம் கேட்டு சாந்தா அக்கா வந்தார்கள். "இன்னாய்யா இது, நல்லா கீற மன்சனுக்குத் துக்கம் கொண்டாட வந்துட்டீங்க? உள்ள போய்ப் பாடுங்க. இரு இரு, அந்தாளுக்கும் கேக்கட்டும்" என்று தன் போனில் டேனியலைக் கூப்பிட்டார்கள். பார்க்க விடுகிற நேரம் அது. அவன் கட்டிலருகில்தான் நின்றான். நர்ஸம்மாவிடம் கெஞ்சி, போனை அண்ணன் காதில் வைத்தான்.

எங்கள் சின்ன அறைக்குள் எல்லோரும் நெருக்கியடித்து நின்று பாடினார்கள். அந்தத் தம்பி டிரம்மை மெதுவாக அடித்தான். நான் தரையில் விழுந்து கிடந்தேன். அப்போதுதான் எத்தனையோ நாளைக்கப்புறம் ஜெபம் வந்தது. "ஆண்டவரே, என் வாயால் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதேயும்." அவ்வளவுதான் என் ஜெபம்.

பாட்டு பாதியில் இருக்கும்போது போனில் டேனியல் அலறினான். "மைனி! வெரலு! அண்ணன் வெரலு ஆடுது!"

எனக்கு நம்பிக்கை வருமா? "எந்த விரல்?" என்று கேட்டேன்.

"எந்த வெரலா இருந்தா என்ன மைனி! வலது கை, ஆள்காட்டி வெரலு! டிரம் அடிக்கிற மாதிரி!"

தங்கதுரை அண்ணன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். டிரம் நின்றது. "இப்ப நின்னுட்டு" என்றான் டேனியல். மறுபடி அடித்தார்கள். "ஆடுது, ஆடுது!" என்று அவன் அழுதான். அதே வாசலில் சற்று முன்னால் நின்றுபோன டிரம்தான் அது. சாந்தா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏசப்பா, மாரியாத்தா" என்று ரெண்டு பேரையும் கூப்பிட்டார்கள்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "நல்ல அடையாளம்மா. ஆனா நாளாகும், பொறுமை வேணும்." அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நாளாகத்தான் செய்தது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். ஆராதனை முடிந்து நீங்கள் புதுத்துணியோடு அங்கே வந்து நின்றீர்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். ஒரே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத நோயாளிகளின் வீட்டாரோடும் சேர்ந்து சாப்பிட்டோம். அழுதுகொண்டே சிரித்தேன். அந்த மாதிரி ஒரு பண்டிகை எனக்கு வாய்த்ததில்லை.

மிஷினை எடுத்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு: "அந்தப் பையன் தாளத்த விட்டுட்டான் எஸ்தர்." ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வாக்கர் பிடித்து நடந்து வந்ததை நீங்களே பார்த்தீர்கள். இடது கால் இன்னும் இழுக்கிறது. லைனில் நிற்க முடியாது. இப்போது வேறொரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து போன் வாங்கி வைக்கிற வேலை. வீட்டிலிருந்து பயந்துபோய்க் கூப்பிடுகிற பெண்களை அவர் கிண்டல் பண்ணுவதில்லை. "ஒரு நிமிசம் இருங்கம்மா" என்று உள்ளே விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது பயத்தோடேயே ஜெபிக்கக் கற்றுக்கொண்டேன்.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்த அன்றைக்கே நட்சத்திரம் ஏற்றிவிட்டோம். சாந்தா அக்கா ஏணியைப் பிடித்தார்கள், நான் ஏறினேன். கயிற்றை முடிச்சுப் போட்டது அவர். விரலில் இன்னும் பலம் இல்லாததால் முடிச்சு தளர்ந்து, நட்சத்திரம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. சரிபண்ணட்டுமா என்று பிளெசி கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் யார் வீட்டிலாவது நட்சத்திரம் கட்டிலுக்கடியில் கிடக்கலாம். ஆஸ்பத்திரியில் யாரோ கிடக்கலாம். ஜெபம் வராமல் ஒரு சொல் மட்டும் வரலாம். அந்த ஒரு சொல் போதும், அவர் கேட்கிறார். எழுந்து, இன்றைக்கே அதை எடுத்துக் கட்டுங்கள். கை நடுங்கினால் எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் வந்து ஏணியைப் பிடிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கேரல் வரும்போது உங்கள் வாசலில் டிரம் நிற்காது. அடிக்கப்போவது என் வீட்டுக்காரர்.