துலக்காத செம்பு

ஊறவைத்த புளியின் வாசனையும் கருகிய வெடிமருந்தின் நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், பர்மாவில், தாமுவே பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மாதிரி இருக்கும் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். நகரத்தின் மறுகோடியில், இன்சீனுக்கு அப்பால் ஒரு சுடும் மைதானம் இருந்தது. அங்கே குறிபார்த்துப் பழகுகிறவர்கள் சுட்டுத் தீர்த்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, மறுபடியும் மருந்து நிரப்புவதற்காகப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, சுத்தம் செய்வதற்கு, நகரத்தைச் சுற்றி ஓடும் சுற்று ரயிலில் வீட்டுக்குக் கொண்டுவருவான் என் அண்ணன் முருகேசன். வீட்டில் அவற்றுக்கு 'குப்பி' என்று பெயர். அம்மா அவற்றைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, தகரத்தின்மேல் வெயிலில் உலர்த்துவாள். வாய் பிளந்தவற்றை ஒதுக்குவது என் வேலை. சாமி விளக்குக்கு ஒரு சட்டிப் புளி, குப்பிக்கு வேறொரு சட்டிப் புளி, இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதில் அம்மா கறாராக இருந்தாள்.

அண்ணன் தெருமுனைக்கு வந்ததும் ஒரு குப்பியை உதட்டில் வைத்து ஊதுவான். அந்தச் சீழ்க்கை எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். "ரயிலே இவனுக்காகத்தான் சுத்திச் சுத்தி ஓடுதுன்னு நெனப்பு தொரைக்கு" என்று முனகிக்கொண்டே அம்மா அவன் செம்பில் தண்ணீர் மொண்டு வைப்பாள். எல்லோரும் அண்ணாந்து குடிக்கிற வீட்டில் அவன் மட்டும் வாய் வைத்துக் குடிப்பான், எத்தனை திட்டினாலும் கேட்கமாட்டான். அதனால் அந்தப் பித்தளைச் செம்பை வேறு யாரும் தொடுவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் சாக்கு வந்தது, அவன் வரவில்லை. ரயிலடியில் டீக்கடை வைத்திருந்த பர்மியப் பெண்மணி டோ சேன்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். சண்டை நடக்கிற பக்கம் சுமை தூக்கப் பட்டாளத்தார் ஆள் பிடித்தார்களாம், பிளாட்பாரத்தில் நின்ற பையன்களை லாரியில் ஏற்றிப் போனார்களாம். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, பர்மிய மொழியில் ஏதோ வேண்டிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் அம்மா சாக்கை அவிழ்த்துக் குப்பிகளைப் புளியில் போட்டாள். "வந்ததும் அவன வேல முடியலேன்னு யாரும் ஏசக் கூடாதுல்ல" என்றாள். அன்றைக்கு அவள் தேய்த்த மாதிரி நான் பார்த்ததே இல்லை, நார் கிழிந்து விரல் கிழிந்த பிறகும் விடவில்லை.

போய்க் கேட்க வேண்டிய வாசலெல்லாம் போய்க் கேட்டாள். எந்த வாசலிலும் பதில் இல்லை. கூடப் பிடிபட்டவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் யாருக்கும் அண்ணனைப் பற்றித் தெரியவில்லை. குப்பிச் சாக்கு மட்டும் வேறொருவர் கையில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக ஒரு குப்பியை எடுத்து ஊதினால், அம்மா புளிக்கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதியன்று வீட்டுப் பித்தளை அத்தனையையும் புளி போட்டுத் துலக்கி, இறந்தவர் புழங்கிய செம்பைப் பளபளப்பாக்கி யாருக்காவது தானம் கொடுத்துவிட வேண்டும். சில வருஷம் கழித்துப் பெரியப்பா வந்து நிதானமாக எடுத்துச் சொன்னார்: "போனவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம விட்டா குடும்பத்துக்கு ஆகாதும்மா. தர்ப்பையில உருவம் செஞ்சு முடிச்சிடலாம்."

அம்மா கோபப்படவில்லை. "அவன் தண்ணி குடிச்ச செம்புங்க அது. வந்து கேப்பான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் செம்பைத் துலக்கவே இல்லை. அதை மினுக்கிவிட்டால் அவனைச் சாகக் கொடுத்த மாதிரி என்று நினைத்தாள் போலும். ஊரார் சுட்டுத் தள்ளிய பித்தளையெல்லாம் அவள் கையில் தங்கமாக மின்ன, சொந்தப் பிள்ளையின் செம்பு அலமாரியில் பச்சை பூத்துக் கறுத்துக் கிடந்தது.

போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். பெரியப்பா இல்லை, டோ சேன் இல்லை, குப்பி வருவதும் என்றோ நின்றுபோனது. சுற்று ரயில் மட்டும் ஓடுகிறது. அம்மாவின் கருமாதிக்கு நானும் மகளும் பின்கட்டில் உட்கார்ந்து பித்தளையைத் துலக்கினோம். தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்கிற பெண் அவள். அம்மாவின் குடத்தை முடித்துவிட்டு அலமாரியிலிருந்து அந்தச் செம்பை எடுத்து வந்தாள். இது ஏன் இத்தனை அழுக்கு என்று கேட்டுக்கொண்டே புளியில் கை வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத வச்சிரு. ஒங்க மாமா வந்து கேப்பாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே உறைத்தது. செம்பை வாங்கி, அது இருந்த இடத்திலேயே வைத்தேன். அவனுக்காகக் காத்திருக்க வீட்டில் யாராவது ஒருவர் வேண்டாமா?